நகரத்தின் முழுமைத் திட்டமும் நமது கிராமங்களும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம் முகாமில் காலை முழுவதும் வீட்டு வரியைப் பற்றியும், குடிநீரைப் பற்றியும், தெரு விளக்குகளைப் பற்றியும் பேசினோம். பிற்பகலில் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் நகரத்தைப் பற்றியது. நகரத்தின் திட்டத்தைக் குறித்து நகராட்சி உறுப்பினர்கள் அல்லவா கவலைப்பட வேண்டும், ஏர் பிடிப்பவருக்கும் ஏரி காப்பவருக்கும் அதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதை எவ்வாறு கற்றுக்கொண்டோம் என்பதையும் சிறிது நேரத்தில் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

ஒரு நகரம் அடுத்து வரும் இருபது ஆண்டு காலத்தில் எத் திசையில் விரிய வேண்டும், வீடுகள் எங்கே, கடைகள் எங்கே, தொழிற்சாலைகள் எங்கே, புதிய சாலை எவ்வழியே என்பவற்றை முன்கூட்டியே வகுத்து, வரைபடத்தில் குறித்து, அதற்குரிய விதிகளையும் சேர்த்து வெளியிடும் ஏற்பாட்டிற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். நமது மாநிலத்திற்கு இது புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டிலேயே நகரமைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் இடத்தில் இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். பழைய சட்டத்தின் பெயரில் நகரம் மட்டுமே இருந்தது. புதிய சட்டத்தின் பெயரில் ஊரும் வந்து சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அது வெறும் அலங்காரத்துக்காகச் சேர்த்த சொல் அன்று. திட்டப் பகுதி என்பது பெரும்பாலும் நகராட்சியின் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதில்லை. சுற்றிலும் உள்ள கிராமங்களையும் உட்கொண்டே அது வரையப்படுகிறது. நகரம் வளர இடம் வேண்டுமானால், அந்த இடம் நமது கிராமங்களில்தான் இருக்கிறது!

வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை என்பது நாட்டில் பரவலாக உள்ள வழக்கம். உங்கள் நிலத்தின் மீது ஒரு நிறம் ஏறிவிட்ட பிறகு, அந்த நிறத்திற்கு ஒவ்வாத கட்டடத்திற்கு அனுமதி கிடைப்பது அரிது. பச்சை ஏறிய நிலத்தில் மகனுக்காக ஒரு பட்டறை போட எண்ணிய தகப்பனார் அலுவலகம் அலுவலகமாக அலைவதையும் பார்த்திருக்கிறோம். ஊதா ஏறிய நிலத்துக்கு அடுத்த காணியில் நெல் நட்டவர், மதிற்சுவருக்கு அப்பால் என்ன வரப்போகிறதோ என்று ஏங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறோம். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதை யார், எப்பொழுது முடிவு செய்தார்கள்?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்திலே விடை இருக்கிறது. திட்ட அதிகாரம் பெற்ற குழுமம் வரைவுத் திட்டத்தைத் தயாரிக்கிறது. அரசின் இசைவைப் பெற்று, அரசிதழிலும் அப் பகுதியில் வழங்கும் நாளேடுகளிலும் அறிவிப்பு வெளியிடுகிறது. அரசிதழில் வெளியான நாள்தொட்டு இரண்டு மாதத்திற்குக் குறையாத காலம் ஆட்சேபணைகளுக்கும் யோசனைகளுக்கும் ஒதுக்கப்படவேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் உடையவராகவோ நகரவாசியாகவோ இருக்கவேண்டும் என்பதில்லை. நேரில் சொல்ல விரும்புவதாக எழுதிக் கேட்டவர்களுக்கு அந்த வாய்ப்பையும் அளிக்கவேண்டும். அதன் பின்னரே திட்டம் அரசின் ஒப்புதலுக்குப் போகிறது. ஒப்புதல் பெற்ற திட்டமும் கல்லில் வெட்டிய எழுத்தன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக அளவாய்வு செய்து அதை மறு ஆய்வு செய்யலாம். அரசு பணித்தால் செய்தே ஆகவேண்டும். நடைமுறையிலோ, பல நகரங்களில் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்திய வரைபடமே வெகு காலம் ஆட்சி செய்து வந்திருக்கிறது. ஆகவேதான் திருத்தம் என்று ஒன்று வரும்பொழுது அது பெரிய திருத்தமாக வருகிறது. அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டவர், அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பேசும் வாய்ப்பைத் தவறவிட்டவர் ஆகிவிடுகிறார்.

இனி நமது சொந்த அனுபவத்திற்கு வருவோம். முன்பு வேறொரு மாவட்டத்தில் பணியாற்றினோம். இடத்தின் பெயர் வேண்டாம். அருகில் இருந்த சிறு நகரின் திட்டம் திருத்தப்பட்டது. அறிவிப்பு நமது அலுவலகத்திற்கும் வந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்றினோம்; அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்; கோப்பில் வைத்தோம். அறுவடைக் காலம். பலகையைப் படிக்க வருபவர் யார்? ஒருவரும் வரவில்லை, ஒரு கடிதமும் போகவில்லை. சாலையை ஒட்டிய மேட்டு நிலம் ஊதாவாயிற்று. அதில் நாம் ஒரு குறையும் காணவில்லை. புஞ்சை நிலம், நல்ல சாலை, அருகில் மின்சாரம்; தொழில் வருவதற்கு ஏற்ற இடம் என்றே நாமும் மகிழ்ந்தோம்.

அந்த மேட்டின் நடுவே ஒரு வரத்துக்கால் இருந்தது. ஆண்டில் பத்து மாதம் அது காய்ந்த பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று பெருமழைக்கு மட்டும் அது ஆறு. ஊர் ஏரிக்கு நீர் கொண்டு வந்தது அதுதான். ஒரு பகுதியில் அது புறம்போக்காகப் பதிவாகியிருந்தது. மறு பகுதியில் பட்டா நிலங்களின் ஊடே, பரம்பரை வழக்கில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடம் தயாரித்தவர்கள் கோடையில் பார்த்தார்கள். பதிவேட்டில் உள்ளதைக் குறித்தார்கள். பதிவேட்டில் இல்லாததைக் குறிக்க அவர்களுக்கு வழியில்லை. மூன்றாம் ஆண்டில் அங்கே ஒரு கிடங்கு எழுந்தது. மண்ணிட்டு மேடாக்கினார்கள், மதிற்சுவர் எழுப்பினார்கள். அனுமதி பெற்றே கட்டினார்கள். அந்த ஐப்பசியில் நீர் சாலையில் நின்றது, காலனித் தெருவில் புகுந்தது. ஏரிக்கு மட்டும் போகவில்லை. மழைக்குப் பஞ்சமில்லாத ஆண்டில் ஏரி பாதி கூட நிரம்பாமல் கிடந்ததை அந்த ஊர் அப்பொழுதுதான் கண்டது.

மறு வாரம் முதியவர் ஒருவர் நமது அலுவலகத்திற்கு வந்தார். சத்தமிடவில்லை. "ஐயா, படம் வரைந்தவருக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் போகிற வழி தெரியாது, அது நியாயம். எங்களுக்கு வழி தெரியும், ஆனால் படம் வந்தது தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டியது உங்கள் ஆபீஸ்தானே?" என்றார். அதற்கு அன்றும் நம்மிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. பிறகு குழாய் பதித்து நீரைத் திருப்ப எத்தனையோ முயற்சிகள் நடந்தன. பதித்த குழாய் பழைய கால்வாயின் அகலத்திற்கு ஈடாகவில்லை. இப் பொருளைப் பற்றி எந்த முகாமிலும் நாம் வலியப் பேச முன்வருவதன் காரணம் அந்த முதியவர்தான்.

கிடங்காவது உலர்ந்த பொருள். மண்டலத்திற்குள் வருவது நீரைப் பயன்படுத்தி, கழிவு நீரை வெளியே விடும் தொழிலானால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. பாலாற்றுக் கரைக்கு வந்தாலே போதும். இராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில்தான் போடப்பட்டது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் பெரும் சாலை, ரயில், மணலுக்கடியில் வற்றாத ஊற்று, இவ்வளவும் ஒருங்கே அமைந்த இடத்தில் தொழில் வளர்ந்ததில் வியப்பில்லை. 1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனத்தின் முதல் வளாகங்களில் ஒன்று இங்கே அமைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதனால் சோறு கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

தோல் தொழில் பாலாற்றுப் பகுதிக்குப் புதியதன்று. ஆனால் பழைய தோல் தொழில் வேறு, பிந்தியது வேறு. முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தினார்கள். 1970-களுக்குப் பின், பாதி பதப்படுத்திய தோலாக அனுப்பாமல் முழுதும் முடித்த சரக்காக ஏற்றுமதி செய்யவேண்டும் என்ற கொள்கை வந்தது. அதனோடு குரோமியம் உப்பைக் கொண்டு பதப்படுத்தும் முறையும் மற்ற இரசாயனங்களும் பெருகின. தொழிலின் பெயர் மாறவில்லை. மண்டலத்தின் நிறம் மாறவில்லை. உள்ளே நடக்கும் வேலை முற்றிலும் மாறிவிட்டது. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நகரம் பெருத்துவிட்டது என்பதற்காக மட்டும் திட்டத்தைத் திருத்துவதில்லை. ஊதா நிறத்துக்குள்ளே என்ன செய்கிறார்கள் என்பது மாறிவிட்டபடியாலும் திருத்தவேண்டும். பழைய வரைபடம் பழைய தொழிலுக்கு அனுமதி கொடுத்தது. அதே அனுமதியைப் புதிய தொழில் அப்படியே சுவீகரித்துக்கொண்டது.

விளைவு என்ன? 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். விவசாயிகளும் அறிந்திருக்க வேண்டியது அது. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்றும் அத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. மற்றொரு செய்தியும் அதில் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய இரு பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறுகளைக் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கு கிணற்றில் மூன்று!

இதன் காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. தோல் கெடாமலிருக்க முதலில் உப்பிட்டு வைக்கிறார்கள். ஆலையில் முதல் வேலையாக அந்த உப்பைக் கழுவி எடுக்கிறார்கள். குரோமியத்தையும் மற்ற அழுக்கையும் சுத்திகரிப்பு நிலையத்தில் வண்டலாகப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அவ்வாறு பிரிவதில்லை. அதைப் பிரிக்க நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி, மிஞ்சியதைக் காய்ச்சி எடுக்கவேண்டும்; அதற்குச் செலவு மிகுதி. உப்பு நீர் பாய்ந்த களிமண் இறுகிப்போகும். நீர் உள்ளே இறங்காது, வேரும் இறங்காது. தென்னை முதலில் குரும்பையை உதிர்க்கும், பிறகு காய் சிறுக்கும். களர் பூமியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அத் தீர்ப்பின்படி ஓர் அதிகார ஆணையம் அமைக்கப்பட்டு, 2001-இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய் அளவே வருகிறது. ஒரு கிணறு வெட்ட அது காணுமா? வழக்கும் அத்துடன் முடியவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பகுதிக்காக மீண்டும் உத்தரவுகள் பிறப்பித்து, கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொல்ல நேர்ந்தது. 1996-இல் பட்டம் பெற்ற பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளை எடுக்கும் வயது நெருங்குகிறது. கெட்ட நிலம் இன்னும் கெட்ட நிலமாகவே இருக்கிறது.

இராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போயிற்று, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மலைபோல் அங்கேயே கிடந்தது. அதில் இருந்தது நீரில் எளிதாகக் கரையும் குரோமியம். மழை பெய்தால் மஞ்சள் நிறமாகக் கரைந்து இறங்கும். 2006-இல் உலகிலேயே மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் பட்டியலிட்டபொழுது, அதில் நமது இராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. இராணியின் பெயரால் அமைந்த ஊர் என்று சொல்லிப் பெருமைப்பட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2015 ஜனவரி 31-ஆம் நாள் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் நமது கிராமத்தில் தொழிலே வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிடலாம்" என்று ஓர் உறுப்பினர் சென்ற கூட்டத்தில் எழுந்து சொன்னார். கை தட்டலும் கிடைத்தது. நமக்கு அதில் உடன்பாடு இல்லை. கை தட்டியவர்களிலே பலருடைய பிள்ளைகள் சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் எத்தனை பேர் அதில் பிழைக்க முடியும்? தொழில் வேண்டும். எந்தத் தொழில், எந்த இடத்தில், அதன் கழிவு எந்தப் பக்கம் ஓடும் என்பதே வினா. வேண்டவே வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை ஒரு வரியில் தள்ளிவிடலாம். "இந்தச் சர்வே எண்ணில் இந்த அகலத்தில் வாய்க்கால் ஓடுகிறது, இது இன்ன ஏரியில் விழுகிறது, இத்தனை ஏக்கர் பாசனம், இதனடியில் இத்தனை குடிநீர்க் கிணறுகள்" என்று எழுதிய கடிதத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

தொழில் மண்டலத்திலும் பிரிவுகள் உண்டு. இத்தனை தொழில்தான் என்று வரையறுத்த கட்டுப்பாட்டுத் தொழில், பொதுத் தொழில், அபாயகரமான சிறப்புத் தொழில் என்று நமது மாநிலத்துத் திட்டங்களில் வகைப்படுத்துவது வழக்கம். வரைவு வெளியானதும் "ஊதா" என்று பார்த்து நின்றுவிடாமல், எந்த ஊதா என்று கேளுங்கள். இதனோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாரியம் தொழில்களை மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்து வைத்திருக்கிறது. தோல் பதனிடுவதும் சாயமேற்றுவதும் சிவப்பு. சாயமேற்றாத கைத்தறி நெசவு வெள்ளை. திட்டத்தில் பச்சை என்றால் வயல். வாரியத்தில் பச்சை என்றால் குறைந்த மாசுள்ள ஆலை! நமது இளநிலை உதவியாளர் ஒருவரே இதில் தடுமாறி ஒரு கோப்பைத் தவறான மேசைக்கு அனுப்பிவிட்டார்.

மற்றொரு கவசமும் உங்கள் கையில் இருக்கிறது. மிகுந்த மாசு உண்டாக்கும் தொழில்களை ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக அமைக்கலாகாது என்று 1989-இலேயே அரசாணை பிறந்தது. 1998-இல், பாலாறு உட்பட முக்கியமான ஆறுகளுக்கு அந்தத் தூரம் ஐந்து கிலோமீட்டராக்கப்பட்டது. ஆணை நல்ல ஆணை. ஆனால் தூரத்தை அளப்பதற்கு முதலில் அங்கே ஒரு நீர்நிலை இருப்பது வரைபடத்தில் தெரியவேண்டும் அல்லவா? பாலாறு தெரியும். வாலாஜாவுக்கு அருகில் உள்ள அணைக்கட்டும், அங்கிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று பிரியும் கால்வாய்களும் தெரியும். நமது கிராமத்து ஊற்றுக்காலும், கோடையில் மாடு மேயும் ஓடையும், இரண்டு ஏரிகளுக்கு இடையே கலங்கல் நீர் போகும் பள்ளமும் யாருக்குத் தெரியும்? வானத்திலிருந்து எடுக்கும் படம் கூரையை எண்ணிக் காட்டும். தண்ணீர் போகும் வழக்கைக் காட்டாது. அதைக் காட்டக்கூடியவர்கள் நீர்க்கட்டித் தொழில் செய்த குடும்பத்தாரும், கடைமடையில் உழுபவர்களும்தான். அவர்களில் வயது முதிர்ந்தவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இது உங்களுக்குச் சற்றுக் கசக்கலாம். ஆலை வருமென்று தெரிந்தவுடன், அதற்கு முன்பாகவே மனைப் பிரிவுகள் வந்துவிடுகின்றன. நஞ்சையில் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, பஞ்சாயத்துத் தலைவரின் கையொப்பத்தோடு விற்றுவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கையொப்பத்திற்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதைச் சிலர் அறிந்தே செய்தார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்த பிறகுதான் கண் திறந்தது. அடுத்த ஆண்டில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. தம் சேமிப்பை அந்த மனைகளில் போட்ட ஏழை ஆசிரியர்களும் ஓட்டுநர்களும் பட்ட பாடு சொல்லி மாளாது. மனைக்காக வாய்க்காலைத் தூர்த்தவர் நகரத்தார் அல்லர், நம்மவர்களே. வரைபடத்தின் மீது குறை கூறும் முன் இதையும் ஒப்புக்கொள்வோம்.

காற்றையும் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடை. புகை வரும் தொழிலை ஊருக்கு மேற்கே வைத்தால் அரையாண்டு காலம் புகை நமது வீட்டில். லாரிகள் எவ்வழியே வரும் என்பதும் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்; பள்ளிக்கூட வாசல் வழியே என்றால் மாற்றுச் சாலை கேட்டு அப்பொழுதே எழுதவேண்டும். சாலைக்கென்றோ பொதுக் காரியத்திற்கென்றோ உங்கள் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் அஞ்சிவிட வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்குள் அதைக் கையகப்படுத்துவதற்கான அறிவிக்கையும் வராமல், உடன்பாட்டின் பேரிலும் வாங்காமல் விட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கொள்ளவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. இது தெரியாமல் ஆண்டுக் கணக்கில் நிலத்தை விற்கவும் முடியாமல், கிணறு வெட்டவும் துணியாமல் இருந்த ஒரு விதவைத் தாயாரை நமக்குத் தெரியும்.

எழுதும் முறை எளிது. சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், நிலத்தின் இன்றைய உபயோகம், அடங்கல் நகல், இருந்தால் ஒரு புகைப்படம், அதுவும் மழைக் காலத்தில் எடுத்தது. நேரில் கேட்கவேண்டும் என்ற வாசகத்தை மறவாமல் சேர்க்கவேண்டும். கடிதம் கொடுத்ததற்கு ரசீது பெறவேண்டும். பத்துப் பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் தம் தம் வயலைப் பற்றி எழுதுவது பயன் தரும். ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. இவற்றில் மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினம். நீர்வழிகளைப் பற்றித் தீர்மானம் போட அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அறிவிப்பு வரும் இரண்டு மாதத்தில் கிராம சபை நாள் எதுவும் வராமல் போகலாம். ஆகவே சிறப்புக் கூட்டம் கூட்டத் தயங்கக் கூடாது. முன்னதாகவே தீர்மானம் நிறைவேற்றி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நகரின் திட்டமும் கிராமத்தின் திட்டமும் ஒன்றோடொன்று மோதாமல் இணைக்க மாவட்டத் திட்டக் குழு ஒன்றை நமது அரசியல் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மாவட்டப் பஞ்சாயத்திலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. நீங்கள் அனுப்பும் பிரதிநிதிக்கு அங்கே இடம் உண்டு. அவர் வெறுங்கையோடு போகாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நமது அலுவலகத்தின் பொறுப்பையும் சொல்லிவிடுகிறோம். இனி இத்தகைய அறிவிப்பு வந்தால் பலகையில் ஒட்டியதோடு நிற்கமாட்டோம். அன்றே ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் நகல் வரும்; பொதுச் சாவடியில் தண்டோரா போடச் செய்வோம்; வரைபடத்தை விரித்துச் சர்வே எண் எண்ணாகப் படித்துக் காட்ட ஓர் அலுவலர் உங்கள் ஊருக்கு வருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்வதை அவரே எழுதிக் கொடுப்பார்.

இப்பொழுது பேச்சை நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்குவோம். பின்புறத்து மேசைகளில் ஒவ்வொரு பஞ்சாயத்தின் கிராம வரைபடமும் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நீலப் பென்சில் இருக்கிறது. பதிவேட்டில் உள்ள நீர்வழிகள் ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. பதிவேட்டில் இல்லாமல் மழைக் காலத்தில் மட்டும் நீர் ஓடும் வழிகளை நீங்கள் வரையவேண்டும். சந்தேகம் உள்ள இடத்தில் புள்ளிக் கோடு போடுங்கள். வருகிற கார்த்திகையில் நாமே வந்து பார்த்து உறுதி செய்துகொள்வோம். கடைமடைக் கிராமத்தார் முதலில் வரட்டும்.